வியாழக்கிழமை சூப்

— இன்னும் சாய்க்காதே. கொஞ்சம் ஆறட்டும். ஆவி பறக்கும்போது சாய்ச்சா கணக்கு தப்பிடும்.

— அக்கா, இது ஓட்டல். உன் கார்மென்ட்ஸ் கம்பெனி இல்ல. கரண்டியைக் கண்ணுக்கு நேரா தூக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா சர்வர் என்ன நெனைப்பாரு?

— என்ன வேணா நெனைச்சுக்கட்டும். நோட்டை எடு. தேதி போடு. மணி நாலு அஞ்சு. கோழி சூப், ரெண்டு கிண்ணம். எழுதுறியா, இல்ல என் மூஞ்சியைப் பார்த்துட்டு இருக்கியா?

— எழுதுறேன் தாயே, எழுதுறேன். கோழி சூப், ரெண்டு.

— அப்பாவுக்கு வாங்கின அதே சூப்புன்னு எழுது.

— அதையும் எழுதணுமா?

— அதைத்தான் முதல்ல எழுதணும். அப்பா போய்ப் பத்தொம்பது நாளாச்சு. எந்த சூப் அவர் நுரையீரலுக்குள்ள போச்சோ, அந்த சூப்புன்னு தெளிவா இருக்கணும். நாளைக்கு முனிசிபாலிட்டியில மனுவை நீட்டும்போது ‘எந்தக் கடை, எந்த சூப்பும்மா’ன்னு அவன் மறுபடி கேக்கக் கூடாது.

— மெதுவா பேசுக்கா. அந்த ஓரத்து டேபிள்காரர் கிண்ணத்தைத் தள்ளி வெச்சுட்டார்.

— நல்லதாப் போச்சு. ஒரு உசுரைக் காப்பாத்தியாச்சு.

— இந்த வாய் மட்டும் உனக்குக் குறையவே குறையாது.

— நீ ஏன் உன் கிண்ணத்தை அப்படியே வெச்சிருக்கே? குடி.

— எனக்கு வேணாம். அந்த வாசனை வந்தாலே ஆஸ்பத்திரி வராண்டா ஞாபகம் வருது. தொட மாட்டேன், என்னை விட்டுடு.

— சரி, கிடக்கட்டும். இப்ப பாரு. சாய்க்கிறேன். ஒண்ணு. ரெண்டு. மூணு.

— பொத்துனு விழுந்துடுச்சு. ஒரே கட்டியா.

— இரு, இன்னொரு தடவ.

— மறுபடியும் அப்படித்தான் விழுது. ஒரு சொட்டு ஒழுகல. அக்கா, விழுங்கறதுக்குப் பயிற்சி குடுத்த அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு? சொட்டுச் சொட்டா ஒழுகினா ஆகாது, கரண்டியில நின்னு ஒரே கட்டியா விழுந்தா குடுக்கலாம். இது நிக்குது. பாஸ்.

— ‘பாஸ்’னு நீ சொல்லாதே. பாஸ், ரிஜெக்ட்னு தினம் ஆயிரம் சட்டையைப் பிரிச்சுப் போடுறவ நான். ஒரு பீஸ்ல தையல் விட்டிருந்தா, மேலாப்புல பார்த்தா தெரியாது. இழுத்துப் பார்க்கணும். உள்பக்கம் திருப்பிப் பார்க்கணும். இதுல எங்கயோ விட்டிருக்கு. இல்லேன்னா எப்படி?

— எப்படின்னா... நடந்துடுச்சுக்கா. நாலு மாசமா பாதி உடம்பு விழுந்து கிடந்த மனுஷன். டாக்டரே சொன்னாரே, எப்ப வேணா ஆகலாம்னு.

— டாக்டர் அது மட்டும் சொல்லல. ‘தண்ணியா ஏதோ மூச்சுக்குழாய்ல இறங்கியிருக்கு, என்ன குடுத்தீங்க’ன்னு கேட்டார். என்ன குடுத்தோம்? இதைக் குடுத்தோம். வேற ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்கல. குழாயைத் தொறந்தா அந்தச் சத்தத்துக்கே தலையைத் திருப்புவார்டா அவரு. அப்பவும் குடுக்கல. அம்மா பாத்ரூம்ல குழாய்க்கு அடியில துணி போட்டு வெச்சாங்க, சத்தம் கேக்கக் கூடாதுன்னு.

— தெரியும்.

— உனக்கு என்ன தெரியும்? அந்த வாரம் முழுக்க நீ எட்டிக்கூடப் பார்க்கல.

— மலை ரூட் போட்டுட்டாங்கக்கா, நான் என்ன செய்ய? டிரைவர் ரெண்டு பேர் லீவு. வியாழக்கிழமை ராத்திரி நீ போன் பண்ணும்போது நான் மேல டிப்போவுல கம்பளியைப் போர்த்திட்டுக் கிடந்தேன். காலையில மொத வண்டியை நானேதான் எறக்கி ஓட்டிட்டு வந்தேன். எப்படி வந்தேன்னு எனக்கே தெரியல.

— உன்னைக் குத்தம் சொல்லல. சும்மா சொன்னேன்.

— சும்மா சொல்லலக்கா நீ. பரவாயில்ல.

— இந்தக் கடையை என் லிஸ்ட்ல மொதல்ல போட்டவளே நான்தான், தெரியுமில்ல? அதான் எனக்கு வயிறு எரியுது. பக்கவாத வார்டு நோட்டீஸ் போர்டுல இன்னும் தொங்குது, என் கையெழுத்துல. ‘விழுங்க முடியாதவங்களுக்கு இதமான சூப் கிடைக்கிற இடங்கள்.’ ஆறு கடை. அந்த ஆறைக் கண்டுபிடிக்க நான் முப்பது கடை ஏறி எறங்கினேன். பஸ் ஸ்டாண்டு பின்னாடி பூசணி சூப். ஸ்டேஷன் மாடியில காளான் சூப், ஆனா மிளகு குறைக்கச் சொல்லணும். கோர்ட்டு எதிர்ல சோள சூப், மத்தியானம் மட்டும். தக்காளி சூப்புன்னு ஒருத்தன் குடுத்தான் பாரு, வெந்நீர்ல சாயம் கரைச்ச மாதிரி. அப்படியே ரிஜெக்ட்.

— என்னையும் நாலு கடைக்கு இழுத்துட்டுப் போனியே. ஒவ்வொருத்தனும் நம்மளை ஏதோ சோதனை போட வந்த ஆபீசர்னு நெனைச்சு ஃப்ரீயா ஐஸ்கிரீம் குடுத்தான்.

— நீ தின்னே.

— ஆறிப் போகுமேன்னு தின்னேன்.

— சிரிக்காதே. கெட்டியா இருந்தா மட்டும் போதும்னா நான் அலையவே வேணாம். ஆஸ்பத்திரியில ஒரு பவுடர் குடுத்தாங்க. கலக்கினா போஸ்டர் ஒட்டுற பசை மாதிரி நிக்கும். அப்பா ஒரு வாய் வாங்கிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பேச முடிஞ்சிருந்தா கெட்ட வார்த்தையிலேயே திட்டியிருப்பார். நாளெல்லாம் மோட்டுவளையைப் பார்த்துட்டுக் கிடக்குற மனுஷனுக்கு வாய்க்குள்ள போறது ஒண்ணாவது ஆறுதலா இருக்க வேணாமா? இந்தக் கடை சூப்பைத்தான் கையைத் தூக்கி இன்னும் கேட்டார். இடது கையை இப்படித் தூக்கி.

— நீ போன்ல வீடியோ அனுப்பினே. பார்த்தேன்.

— இப்ப ருசி பார்க்கிறேன், இரு. எழுது. ருசி... அதே ருசி. உப்பு சரி. நாக்குல மாவு ஒட்டல. என்ன மாவு போடுறான்னு கேக்கணும்.

— எத்தனை தடவ ருசி பார்ப்பே?

— கண்டுபிடிக்கிற வரைக்கும். அம்மா என்ன சொல்லி அனுப்பினாங்க தெரியுமா? ‘பேரைக் கொண்டா. யாரால போனார்னு ஒரு பேரைக் கொண்டா. இல்லேன்னா என் முன்னாடி வந்து நிக்காதே.’ கண்ணுல அந்தக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுட்டு, செவுத்தைப் பார்த்துட்டுச் சொன்னாங்க. ஒரே வீட்டுல இருக்கேன். முன்னாடி நிக்காம நான் எங்க போறது?

— அம்மா அப்படித்தான். பெரிய மாமா என்னவோ சொல்லிட்டாருன்னு இருபத்திரண்டு வருஷமா பேசல. அவர் ஆஸ்பத்திரியில கிடந்தப்ப வாசல் வரைக்கும் வந்துட்டு, திரும்பிப் போயிட்டாங்க.

— மாமாவாவது வெறும் வார்த்தைதான் விட்டார். இது புருஷன் உசுரு. தினம் அவங்கதான் ஊட்டுவாங்க, நாலு மாசமா ஒருநாள் விடாம. அந்த ஒரு வியாழக்கிழமை, கண் ஆபரேஷன் செக்கப்புன்னு காலையில பக்கத்து வீட்டம்மாவோட போனாங்க. ஒரே ஒரு நாள். திரும்பி வந்து பார்த்தா அனலாக் கொதிக்குது, நெஞ்சு கரகரங்குது. ‘நான் வீட்ல இருந்திருந்தா’, ‘நான் வீட்ல இருந்திருந்தா’ன்னு அதையே சொல்லிட்டு இருக்காங்க.

— நீதானே அன்னைக்கு ஊட்டினே?

— நான்தான். எனக்கு ரெண்டரை மணி ஷிஃப்ட். பன்னெண்டு மணிக்கு இங்க வந்து பிளாஸ்க்ல வாங்கிட்டு நேரா வீட்டுக்குப் போனேன். பெரிய கிண்ணத்துல மொத்தமா ஊத்திட்டு உக்காந்தேன். டேய், அன்னைக்கு அவரு எப்படிக் குடிச்சார்னு உனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் ஆச்சு. அவசரமே படல. பாதியில என்னைப் பார்த்து ‘பாப்பா’ன்னார்.

— பேசினாரா? என்கிட்ட இதைச் சொல்லவே இல்லையே நீ.

— யார்கிட்டயும் சொல்லல. நாலு மாசத்துல ஒரே ஒரு வார்த்தை. வாய் கோணிட்டுத்தான் வந்துச்சு, ஆனா ‘பாப்பா’ன்னுதான் சொன்னார். நாப்பத்தி மூணு வயசுப் பாப்பா. அழுதுட்டே ஊட்டினேன். கிண்ணத்தை வழிச்சுக் குடுத்தேன், ஒரு சொட்டு மிச்சம் வைக்கல. பிளாஸ்க்கைக் கழுவிக் கவுத்தேன், ரேடியோவைப் போட்டு விட்டேன், சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு ரெண்டு மணிக்குக் கிளம்பினேன். பஸ்ல பாட்டுப் பாடிட்டே போனேன்டா நான்.

— விடுக்கா. சூடா அவர் வாய் கீய் வெந்துடாம...

— அதெல்லாம் கச்சிதமாப் பார்த்தேன். ஆரம்பத்துல ஒருதடவ அவர் நாக்கைப் பொசுக்கிட்டோமில்ல, அந்தப் பக்கம் உணர்ச்சியே இல்லாததால அவருக்கே தெரியல. அதுக்கப்புறம் அம்மா ஒவ்வொரு தடவையும் புறங்கையில ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாங்க. எனக்கு அது சரிப்படாது. செக்கிங்குக்கு வர்றதுக்கு முன்னாடி இஸ்திரி டேபிள்ல பதினோரு வருஷம் நின்ன கை. கொதிக்கிறதை ஊத்தினாலும் உறைக்காது. அதனால ஒவ்வொரு கரண்டியும் என் வாயில வெச்சு, சூடு பார்த்து, அப்புறம்தான் அவருக்கு. ஒண்ணு விடாம.

— சின்னப் புள்ளைக்கு ஊட்டுற மாதிரி.

— ஆமா. அப்புறம் என்ன? மணி என்ன ஆச்சு?

— நாலு இருபது.

— இப்ப ஒரு தடவ சாய்க்கிறேன். ஒண்ணு. ரெண்டு... ஏய்! பாரு! பாருடா!

— என்ன?

— ஒழுகுது! சொட்டுச் சொட்டா ஒழுகுது! இதோ, தண்ணி! தண்ணியாப் போச்சு! நான் சொன்னேனா இல்லையா? ஆற ஆற நீத்துப் போகுது! எழுது, நாலு இருபது, ரிஜெக்ட்! பெரிசா எழுது! யோவ் சர்வர், உங்க மாஸ்டரைக் கூப்பிடு! இப்பவே கூப்பிடு!

— அக்கா, கத்தாதே. அவரே வர்றார்.

— என்னம்மா, என்ன ஆச்சு? சூப்புல ஏதாவது கிடந்துச்சா?

— நீங்கதான் மாஸ்டரா? இந்தக் கரண்டியைப் பாருங்க. இது சூப்பா, வெந்நீரா?

— அம்மா, நான் ரெண்டு மணிக்கு இறக்கின சட்டி இது. வெந்நீரா இருந்தா நானே கீழ ஊத்தியிருப்பேன்.

— ஊத்தியிருக்கணும். ஊத்தல. எங்கப்பா வயித்துல, இல்ல, நெஞ்சுல ஊத்திட்டீங்க. பிளாஸ்க்ல வாங்கிட்டுப் போவேனே, என்னை ஞாபகம் இல்ல?

— அட, ஆஸ்பத்திரி லிஸ்ட் அம்மா! கையில பிளாஸ்க் இல்லாம வந்தீங்களா, சட்டுனு அடையாளம் தெரியல. உங்க லிஸ்ட்டைப் போன்ல காட்டி வாரத்துக்குப் பத்துப் பேர் வர்றாங்கம்மா. அவங்களுக்காகவே தனியா ஒரு சட்டி கெட்டியா வைக்கிறேன். முதலாளி கூட மாவு ஏன் இவ்வளவு போகுதுன்னு கேட்டார். அப்பா... எப்ப?

— பத்தொம்பது நாள். உங்க தனிச் சட்டியில இருந்து வாங்கின சூப்தான்.

— அடப் பாவமே. உக்காருங்கம்மா, நிக்காதீங்க. இங்க பாருங்க, இந்த அடுப்பு மேல சத்தியமா சொல்றேன், என் சூப் ஆறினா இறுகும், நீர்க்காது. முப்பது வருஷக் கைப்பக்குவம். அந்தக் கரண்டியை இப்படிக் குடுங்க. ம்... தண்ணியாத்தான் இருக்கு. அம்மா, இந்தக் கரண்டியில வாய் வெச்சீங்களா?

— ருசி பார்த்தேன்.

— எத்தனை தடவ?

— ஏழோ எட்டோ. ஏன், ருசி பார்க்கக் கூடாதா?

— வாய் வெச்ச கரண்டியையே திருப்பிக் கிண்ணத்துல விட்டுக் கலக்கினீங்களா?

— ஆமா. அதுக்கென்ன இப்ப?

— தம்பி, உங்க கிண்ணத்துல நீங்க கை வெச்சீங்களா?

— நான் தொடல மாஸ்டர்.

— அப்ப இந்தப் புதுக் கரண்டியை அதுல விட்டுச் சாய்ச்சுக் காட்டுங்க, அம்மா பார்க்கட்டும். ம், பாருங்க. பொத்துனு விழுதா? ஒரே சட்டி, ஒரே நேரத்துல வந்த ரெண்டு கிண்ணம். இது அப்படியே நிக்குது, அது ஓடுது. எச்சில்மா. வேற ஒண்ணுமில்ல.

— என்னது?

— எச்சில். மாவு கரைச்சுக் கெட்டியாக்கின எதுலயும் எச்சில் பட்டா பத்தே நிமிஷத்துல நீத்துப் போயிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ருசி பார்த்த கரண்டியைத் தெரியாம சட்டிக்குள்ள விட்டுட்டேன். நாப்பது பேருக்கு வெச்ச சூப் தண்ணியா நிக்குது. பெரிய மாஸ்டர் விட்ட அறை இன்னும் இந்தக் காதுல கேக்குது. அன்னையிலிருந்து உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டுத்தான் நக்கிப் பார்ப்பேன்.

— மாஸ்டர், போதும்.

— இல்ல தம்பி, இது சொல்ல வேண்டிய விஷயம். லிஸ்ட்டைப் பார்த்துட்டு வர்றவங்ககிட்ட நான்தான் சொல்லாம விட்டுட்டேன், என் தப்பு. ஊட்டுறவங்க வாயில வெச்சு சூடு பார்த்துட்டு அதே கரண்டியைத் திரும்பவும் கிண்ணத்துல விட்டா, கடைசிப் பாதி வெறும் தண்ணிதான். அதுவும் மெதுவா ஊட்டினா கேக்கவே வேணாம். அப்பாவுக்கு யாராவது அப்படி...

— மாஸ்டர், உள்ள போங்க. தயவுசெஞ்சு போங்க. அடுப்புல ஏதோ தீயுது பாருங்க.

— ஒண்ணும் தீயலையே... சரி. சரி தம்பி. அம்மா, மன்னிச்சுக்கங்க. நான் ஏதோ... தண்ணி குடுக்கச் சொல்லட்டுமா?

— வேணாம். போங்க.

— அக்கா, என்னைப் பாரு. கரண்டியைக் கீழ வை.

— ஒரு மணி நேரம்டா.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்.

— ஒவ்வொரு கரண்டியும். ஒண்ணு விடாம.

— நான் சொல்றதைக் கேளு. அன்னைக்கு நான் வந்தேன்.

— எங்க?

— வீட்டுக்கு. வியாழக்கிழமை. மூணு மணிக்கு. மலை ரூட்னு உன்கிட்ட பொய் சொன்னேன், லீவு போட்டுட்டுச் சும்மா சுத்திட்டு இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட சாவி வாங்கிட்டுப் போனேன். அப்பா முழிச்சுட்டு இருந்தார். பசிக்கிற மாதிரி பார்த்தார். பிளாஸ்க்ல மிச்சம் இருந்துச்சு, அதை ஊட்டினேன். நானும் வாயில வெச்சுத்தான் சூடு பார்த்தேன். குடிக்கும்போதே இருமினார். பயந்துட்டு ஓடிப் போயிட்டேன். நீ குடுத்தது பன்னெண்டரைக்கு. அப்ப இருமினாரா? இல்லையே. பாப்பான்னுதானே சொன்னார். நல்லாத்தானே இருந்தார். நான் குடுத்ததுதான்க்கா. நான்தான்.

— பிளாஸ்க்ல இருந்துச்சா?

— இருந்துச்சு.

— எவ்வளவு?

— பாதி. பாதிக்குக் கொஞ்சம் கம்மி.

— அப்பா என்ன சட்டை போட்டிருந்தார்?

— சட்டையா... நீலம். அந்த நீலச் சட்டை. அக்கா, ஏதாவது சொல்லு. திட்டு. அடிக்கணும்னா அடி, இங்கயே அடி.

— அம்மா உன்னோட பேச மாட்டாங்க. தெரியுமில்ல?

— தெரியும்.

— அவங்க சாகுற வரைக்கும். நீ செத்தாலும்.

— தெரியும்க்கா. நான் பஸ்ஸோட போயிட்டே இருப்பேன். நீதானே அவங்களோட ஒரே வீட்ல இருக்கணும். அதோட, பெரிய மாமாவுக்கும் துணைக்கு ஒரு ஆள் வேணாமா?

— சிரிக்காதே.

— சிரிக்கலக்கா. நெசமா சிரிக்கல.

— அந்த மனுவைக் குடு.

— கிழிக்கிறியா?

— நோட்டுல இன்னைக்கு எழுதின பக்கத்தையும் கிழிச்சுக் குடு. மாஸ்டர் கண்ணுல படக் கூடாது, பாவம்.

— இந்தா.

— ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வீட்டுக்குப் போகலாம். லிஸ்ட்டுக்குக் கீழ ஒரு வரி எழுதணும். ஊட்டுற கரண்டியில வாய் வைக்காதீங்கன்னு. இன்னைக்கே எழுதணும். யாரோ ஒருத்தி இப்பக்கூட சூடு பார்த்துட்டு இருப்பா.

— எழுதலாம். எழுந்திரு, என் கையைப் பிடிச்சுக்கோ. மெதுவா.

— இரு. அம்மாகிட்ட நீயே சொல்லிடு. நான் பக்கத்துல நிக்கிறேன்.

— சரி.

— அந்த ‘பாப்பா’வைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதே. அது அம்மாவுக்குத் தெரிய வேணாம்.

— சொல்ல மாட்டேன்.

— பிளாஸ்க்னு சொல்லிடாதே. அதைக் கழுவிக் கவுத்துட்டுத்தான் நான் போனேன், வந்து எடுத்து உள்ள வெச்சதே அம்மாதான். கிண்ணத்துல மூடி வெச்சிருந்துச்சுன்னு சொல்லு. சட்டையும் நீலம் இல்லடா, பச்சை. அம்மா கேட்டா பச்சைன்னு சொல்லு.